"தெரியாதவரிடம் பேசாதே" என்றால் போதுமா?

"குழந்தைகளுக்கு ஆபத்து முன்பின் தெரியாதவர்களால்தான், அதனால் 12 வயது வரை தனியாக வெளியே விடாதீர்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் பார்வர்ட் சுற்றுகிறது. பயம் நியாயம்தான், ஆனால் தகவல் தவறு.

குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறல்களில் பெரும்பாலானவற்றைச் செய்வது உறவினர், குடும்ப நண்பர் என்று குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான். கதவைப் பூட்டி வைத்தால் இவர்கள் வெளியே நிற்கப் போவதில்லை, காபி கொடுத்து உட்கார வைப்பதே நாம்தானே. அதனால் "தெரியாதவரிடம் பேசாதே" என்பதைவிட, "யாராக இருந்தாலும், அம்மா அப்பாகிட்ட சொல்லாதேன்னு சொன்னா உடனே வந்து சொல்லு" என்பதுதான் உருப்படியான பாடம். தொலைந்துபோன குழந்தை யாரிடமும் வாயைத் திறக்காவிட்டால் அதுவும் சிக்கல்.

வெளியே உண்மையான ஆபத்து வண்டிகள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் சாலை விபத்துதான். வருகிற வண்டியின் வேகத்தைச் சின்னக் குழந்தைகளால் சரியாகக் கணிக்க முடியாது, அது பழகப் பழகத்தான் வரும், 12 வயது பிறந்த அன்று காலையில் திடீரென்று வந்துவிடாது.

என் மகளுடன் கடைக்குப் போகும்போது நான் பத்தடி பின்னால்தான் நடப்பேன். முதல் வாரம், நிறுத்தியிருந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து சட்டென்று இறங்கப் பார்த்தாள். இப்போது வண்டி ஓரத்தில் நின்று, தலையை மட்டும் நீட்டி, இரண்டு பக்கமும் பார்க்கிறாள். அப்புறம் என்னையும் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறாள், அது இன்னும் போகவில்லை.