மென்பொருள் வாங்கும் முன் ஸ்டோர் கீப்பரிடம் பேசுங்கள்

கொள்முதல் துறையை டிஜிட்டல் மயமாக்கப் போகிறோம் என்று எந்த நிறுவனம் அறிவித்தாலும், அடுத்த கூட்டத்தில் மேசைக்கு வருவது மென்பொருள்களின் ஒப்பீட்டுப் பட்டியல்தான். எதில் செயற்கை நுண்ணறிவு இருக்கிறது, எது கைபேசியில் ஓடும், யார் எவ்வளவு தள்ளுபடி தருகிறார். ஒரு பொருளை வாங்குவது நம் அலுவலகத்தில் இன்று எப்படி நடக்கிறது என்று அந்த அறையில் யாரும் கேட்பதில்லை. பதில் தெரிந்தவர்களை அந்த அறைக்கு அழைப்பதுமில்லை. கொள்முதல் வேலையிலேயே காலம் தள்ளியிருக்கும் எனக்கு இது ஆறாத கோபம்.

கையேட்டில் எல்லாம் வரிசையாக இருக்கும். தேவைப் படிவம், ஒப்புதல், கொட்டேஷன், ஒப்பீடு, பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவு, பில், பணம். நடப்பது வேறு. இயந்திரம் நின்றுவிடுகிறது. பொறியாளர் சப்ளையரை நேராகவே போனில் அழைக்கிறார். உதிரிபாகம் வந்து, மாட்டப்பட்டு, இயந்திரமும் ஓடத் தொடங்கிய பிறகு, பில்லைப் பார்த்து அதற்கேற்ற ஆர்டர் தயாராகிறது. இன்னொரு பக்கம், மேலதிகாரியின் ஒப்புதல் தேவைப்படும் தொகை வரம்பைத் தாண்டக் கூடாது என்பதற்காக ஒரே தேவை இரண்டு மூன்று ஆர்டர்களாக உடைகிறது. இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் நேர்மையற்றவர்கள் அல்லர். இயந்திரம் காத்திருக்கக்கூடிய நேரத்தைவிடக் கோப்பு மேலே போய்த் திரும்பும் நேரம் அதிகம், அவ்வளவுதான். இதைச் சரிசெய்யாமல் மென்பொருளை ஏற்றினால், பொருள் வந்த பிறகு எழுதிய ஆர்டரும் கணினிக்குள் ஒழுங்காகப் பதிவாகும். எல்லாக் கொள்முதலும் ஆர்டரின் பேரிலேயே நடந்திருக்கிறது என்று மாத அறிக்கையும் பச்சை நிறத்தில் காட்டும். முன்பு கண்ணுக்குத் தெரிந்த கோளாறு இப்போது மறைந்துவிடுகிறது.

சரக்கு வரும் வாசலில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். லாரி வந்து நிற்கிறது. ஆர்டரில் 10 பெட்டி என்று இருக்கிறது. பில்லில் 120 எண்ணம். பெட்டிக்கு 12, ஆக இரண்டும் ஒன்றுதான். சரக்கை வாங்கிப் பதியும் ஸ்டோர் கீப்பருக்கு அது பார்த்தவுடன் தெரியும். கணினிக்குத் தெரியாது, ஆர்டர் அளவைவிட அதிகம் என்று சொல்லி 120-ஐ ஏற்க மறுக்கிறது. பொருள் பட்டியலைத் திருத்தும் அனுமதி அவருக்கு இல்லை. அனுமதி உள்ளவர் கூட்டத்தில் இருக்கிறார். ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். ஸ்டோர் கீப்பர் 10 என்று பதிந்து, லாரியை அனுப்பிவிட்டு, உண்மைக் கணக்கைத் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கிறார். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவில் அந்த பில் சிக்கி நிற்கும். சப்ளையர் பணத்துக்காக அலைவார். பயனர்கள் மென்பொருளைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்று திட்டக் குழு குறிப்பெழுதும். பெட்டியா, எண்ணமா என்பதை ஆறு மாதம் முன்பே ஸ்டோர் கீப்பரிடம் கேட்டு முடிவு செய்திருக்கலாமே!

இது புதிய பாடமும் அல்ல. 1980-களில் ஃபோர்டு நிறுவனத்தின் வட அமெரிக்கப் பிரிவில், சப்ளையர்களுக்குப் பணம் தரும் பகுதியில் மட்டும் 500-க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். இருக்கும் வேலையையே கணினிமயமாக்கினால் ஆள் எண்ணிக்கையை 20 சதவீதம் குறைக்கலாம் என்பது முதல் கணக்கு. பிறகு ஜப்பானின் கார் நிறுவனமான மஸ்டாவைப் பார்த்தார்கள். அங்கே அதே வேலைக்கு 5 பேர். அளவில் சிறிய நிறுவனம் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் அந்த இடைவெளிக்கு விளக்கம் கிடைக்கவில்லை. ஃபோர்டில் நேரத்தைத் தின்றது, ஆர்டர், வரவுச் சீட்டு, பில் மூன்றும் ஒத்துப்போகாத இடங்கள். 14 விவரங்களை ஒப்பிட வேண்டியிருந்தது. அவர்கள் செய்தது பில்லை வேகமாகச் சரிபார்ப்பதல்ல, பில்லையே தூக்கிவிட்டார்கள். ஆர்டர் தரவுத்தளத்தில் இருக்கும். சரக்கு வாசலுக்கு வந்ததும் அதோடு ஒப்பிடுவார்கள். பொருந்தினால் பணம், பொருந்தாவிட்டால் சரக்கு திரும்பிப் போகும். பொருள் எண், அளவு அலகு, சப்ளையர் குறியீடு என்று மூன்று மட்டுமே ஒத்துப்போக வேண்டும். இந்த முறை வந்த இடங்களில் ஆள் தேவை 75 சதவீதம் குறைந்தது. ஆட்களைக் குறைத்ததைக் கொண்டாட இதைச் சொல்லவில்லை. பயன்பட்டது சாதாரணத் தரவுத்தளம்தான். பலன் வந்தது, இந்தப் படி தேவையா என்ற கேள்வியிலிருந்து.

மறுபக்கத்துக்கு லிடில் இருக்கிறது. ஜெர்மனியின் இந்தப் பெரிய சில்லறை வணிக நிறுவனம் சாப் (SAP) என்ற நிறுவன நிர்வாக மென்பொருளுக்கு மாறும் திட்டத்தை 2011-இல் தொடங்கி, 2018-இல் கைவிட்டது. செலவு சுமார் 50 கோடி யூரோ என்று செய்திகள் வந்தன. இருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது லிடிலின் வழக்கம். மென்பொருளின் வழக்கமான அமைப்போ விற்பனை விலையை வைத்தது. தன் பழக்கத்துக்கு ஏற்ப மென்பொருளை மாற்றிக்கொண்டே போனது தோல்விக்கு ஒரு முக்கியக் காரணம் என்று சொல்லப்பட்டது. நல்ல மென்பொருள் நல்ல நடைமுறையைத் தானே கொண்டுவரும் என்று வாதிடும் நண்பர்களை நான் முழுவதும் மறுக்கவில்லை. அந்த நடைமுறையை ஏற்கிறோமா என்று முன்னதாகவே முடிவெடுத்த நிறுவனத்தில் அது நடக்கும். முடிவெடுக்காத இடத்தில் அந்தச் சண்டை நிரலுக்குள் போய், ஆண்டுக்கணக்கில் பணத்தைக் குடிக்கும்.

ஒவ்வொரு கொள்முதல் பிரிவிலும், எல்லாவற்றையும் தலையில் வைத்திருக்கும் மூத்த ஊழியர் ஒருவர் இருப்பார். எந்த சப்ளையர் சொன்ன தேதியில் தருவார், எவர் விலையைக் குறைத்துவிட்டுத் தரத்திலும் குறைப்பார் என்பதெல்லாம் அவருடைய எக்செல் தாளில் இருக்கும். புதிய திட்டம் வந்ததும், மாற்றத்துக்கு எதிரானவர் என்ற முத்திரை முதலில் விழுவது அவர் மேல்தான். அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. தன் அறிவைக் கணினிக்குள் கொட்டிவிட்டால் தனக்கு இங்கே என்ன இடம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்வது நிர்வாகத்தின் கடமை. பயிற்சி வகுப்பால் அந்தப் பயம் போகாது. அந்த எக்செல் தாளை ஒழிக்கத் துடிப்பவர்கள், அது ஏன் பிறந்தது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். புதிய அமைப்பில் என்னென்ன வேண்டும் என்ற பட்டியலின் பாதி அங்கேயே கிடைக்கும்.

சிறிய சப்ளையர்களை இன்னும் மோசமாக நடத்துகிறோம். வாங்கும் நிறுவனம் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இணையதளம், ஒரு கடவுச்சொல், பதிவேற்ற ஒரு கட்டு ஆவணம். இரண்டு பேர் நடத்தும் பட்டறையில் இதற்கென யார் உட்காருவது? நம் தட்டச்சு வேலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு அதைத் திறன் மேம்பாடு என்று எழுதிக்கொள்வது நியாயமில்லை.

என்னைக் கேட்டால், மென்பொருள் விற்பனையாளர்களின் செயல்விளக்கங்களைத் தள்ளிவையுங்கள். போன மாத ஆர்டர்களில் பெரிதும் சிறிதுமாகச் சிலவற்றை எடுத்து, தேவை எழுந்த நாளிலிருந்து பணம் போன நாள் வரை, ஒவ்வொரு மேசையிலும் அந்தந்த ஆளிடமே கேட்டபடி பின்தொடருங்கள். கையெழுத்திடுபவர்களில் யார் எப்போதாவது கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறார் என்று பாருங்கள். ஒருமுறைகூடத் திருப்பாதவரின் கையெழுத்து தாமதத்தைத் தவிர வேறென்ன தருகிறது? பேனாவும் முக்கிய மூலப்பொருளும் ஒரே ஒப்புதல் பாதையில் போகின்றனவா என்று பாருங்கள். ஒரே சப்ளையர் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று பேராக உட்கார்ந்திருக்கும் பட்டியலைச் சுத்தம் செய்து, இனி அதற்குப் பொறுப்பு யார் என்று பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள்.

மென்பொருள் தேர்வு அதன் பிறகு. தேர்வுக் குழுவில் ஸ்டோர் கீப்பரும் இருக்கட்டும். விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரித் தரவை ஒதுக்கிவிட்டு, உங்கள் வாசலில் ஒரு நாள் உண்மையில் வந்த சரக்கை அவர் கையாலேயே பதியச் சொல்லுங்கள். அளவில் குறைந்து வந்தது, உடைந்து வந்தது, ஆர்டரே இல்லாமல் வந்தது எல்லாம் அதில் இருக்க வேண்டும். அவர் எங்கெல்லாம் நின்று யோசிக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பேசித் தீர்க்க வேண்டியவை அவைதான்.