எங்கே காட்டினாய்?

இடது கண்ணின் மேல் இமையில் ஒரு கட்டி. கடுகுக்குப் பெரியது, மிளகுக்குச் சிறியது. அவ்வளவுதான் விஷயம். இதற்காக ஒரு நாள் விடுப்பையும், 1,840 ரூபாயையும், வாங்கி ஒன்பதே நாளான ஒரு ஜோடிச் செருப்பையும் தொலைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பணம் போனதுகூட ஆறிவிட்டது. செருப்பை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கட்டி முதுகில் வந்திருந்தால் எனக்கும் என் ரவிக்கைக்கும் மட்டும் தெரிந்திருக்கும். கண்ணில் வந்தது ஊர்ப் பொதுச்சொத்து ஆகிவிட்டது. பார்த்த ஒருவராவது “வலிக்கிறதா?” என்று கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: “எங்கே காட்டினாய்?” காட்டாமல் இருப்பது என்று ஒரு வழி உண்டு என்பது இந்தத் திண்டுக்கல்லில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலையில் கண்ணாடியில் பார்த்தேன். சனிக்கிழமை மாலையே என் வீட்டுக்காரர் மருந்துக் கடையிலிருந்து ஒரு காகித உறையோடு வந்துவிட்டார். கடைத் தம்பியிடம் “கண்ணில் கட்டி” என்று சொன்னாராம். யாருடைய கண், என்ன வயது, சர்க்கரை உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? ஒன்றும் கேட்கவில்லையாம். நான்கு மாத்திரை, ஒரு சொட்டு மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்பதற்காக ஆன்டிபயாடிக் அட்டைகளில் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள், 2016இல் மத்திய அரசு அதற்கென்று விளம்பரம்கூடச் செய்தது. அந்தத் தம்பியின் கத்தரிக்கோலைப் பாராட்ட வேண்டும். கோடு இருந்த பக்கம் கடையிலேயே தங்கிவிட, வெறும் மாத்திரை மட்டும் வீடு வந்து சேர்ந்திருந்தது. சொட்டு மருந்துப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டீராய்டு கலந்தது. கண்ணழுத்தத்தை ஏற்றக்கூடிய சாமான் அது. “விற்கிறான் என்றால் நல்லதுதானே?” என்றார் என் வீட்டுக்காரர். எலி மருந்தும்தான் விற்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. போகாமல் இருக்க முடியுமா? போனேன். அங்கே மணப்பெண் மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணியை விட்டுவிட்டு மண்டபமே என் இமையைப் பார்த்தது.

“சூடு அக்கா. வேறொன்றுமில்லை. ராத்திரி ஒரு மணி வரை போனைப் பார்த்தால் கண் என்ன செய்யும்?” இது என் ஓரகத்தி. நாமக்கட்டியை இழைத்துப் பற்றுப் போடச் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் பெரியம்மா, “நாமக்கட்டி எல்லாம் பழைய காலம்” என்று தள்ளிவிட்டு அதைவிடப் பழைய காலத்துக்குப் போனார். தாய்ப்பால் இரண்டு சொட்டு விட வேண்டுமாம். சொன்னதோடு நிற்காமல், பந்தியில் பிள்ளை பெற்றவர்கள் யார் யார் இருக்கிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்க்கத் தொடங்கினார். நான் பாயசத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்ததற்கு அதுதான் காரணம். பாயசம் நன்றாக இல்லை என்று நான் முகம் சுளித்ததாக இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அது வேறு.

பக்கத்தில் ஒரு பெண், முன்பின் தெரியாதவர், “மெட்ராஸ் ஐயா?” என்று கேட்டுவிட்டுக் கைப்பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மண்டபத்துக்குள்! அம்மா, இது மெட்ராஸ் ஐ இல்லை. மெட்ராஸ் ஐ ஆகவே இருந்தாலும் அது பார்வையால் ஒட்டாது, கையாலும் துண்டாலும்தான் ஒட்டும். அவர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றாமலேயே என் கையைப் பிடித்து வளையல் போட்டுவிட்டார்.

சித்தப்பா மட்டும் சிறிய விஷயங்களில் இறங்குகிறவர் இல்லை. “மதுரைக்கே போய்விடு. கண் என்றால் மதுரைதான்.” உண்மைதான், மறுக்கவில்லை. 1976இல் 11 படுக்கைகளோடு அங்கே தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை எத்தனையோ இலட்சம் பேருக்குப் பார்வை கொடுத்திருக்கிறது. அதற்காக 60 கிலோமீட்டர் பஸ்ஸில் போய், கண்புரை முற்றித் தடவித் தடவி வருகிற பாட்டிகளுக்கு நடுவில் நான் ஒரு மிளகளவுக் கட்டியை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே.

நாத்தனாரிடம் கைராசி டாக்டர் ஒருவர் இருந்தார். எல்லோர் வீட்டிலும் ஒருவர் இருப்பார். இந்தக் கைராசி எப்படி உண்டாகிறது என்று இருபது வருடமாகக் கவனித்துவிட்டுச் சொல்கிறேன். சளி பிடிக்கிறது. முதல் நாள் ஒரு டாக்டர். குறையவில்லை. “அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.” மூன்றாம் நாள் இன்னொருவர். நான்காம் நாள் சளி தன் வேலையை முடித்துக்கொண்டு தானாகவே கிளம்புகிறது. மூன்றாம் நாள் டாக்டர் கைராசிக்காரர் ஆகிவிடுகிறார்! முதல் நாள் அகப்பட்ட மனிதர் பாவம், என்ன பாவம் செய்தாரோ. அதிலும் அவர் நேர்மையாக “தானாகச் சரியாகிவிடும், தண்ணீர் நிறையக் குடியுங்கள்” என்று ஊசி போடாமல் அனுப்பியிருந்தால் தீர்ந்தது. அடுத்த மாதம் அவர் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெரிய தப்பு ஒன்று செய்தேன். “நம் தெருவுக்கு அடுத்த தெருவில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. காலையில் அங்கே போய்க் கேட்டுக்கொள்கிறேன்” என்று சொன்னேன்.

பந்தியில் ஓர் அமைதி. சாம்பார் வாளியோடு வந்த பையன்கூட நின்றுவிட்டான்.

“தர்மாஸ்பத்திரிக்கா?” என்றார் நாத்தனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், சம்பந்தி வீட்டார் காதில் விழுந்துவிடப் போகிறது என்று. “அங்கே கொடுப்பதெல்லாம் சுண்ணாம்பு மாத்திரை. நமக்கு என்ன தலையெழுத்து?”

1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்று, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தை மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. வேறு மாநிலத்தார் அதைப் பார்த்துத் தாங்களும் அப்படியே தொடங்கினார்கள். செய்தி எங்கள் நாத்தனார் வீட்டு வரவேற்பறைக்கு மட்டும் வந்து சேரவில்லை. இத்தனைக்கும் அவர் பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து விழுந்தது அந்தச் சுகாதார நிலையத்தில்தான். கொரோனா தடுப்பூசிக்கு விடியற்காலையில் போய்ச் செங்கல் வைத்து வரிசையில் இடம் பிடித்ததும் அதே வாசலில்தான். அப்போது சுண்ணாம்பு நினைவுக்கு வரவில்லை.

அடங்கிப் போனேன். திங்கட்கிழமை காலை, மச்சினரின் காரில், “போகிற வழிதானே” என்ற ஒரே மருத்துவக் காரணத்துக்காக ஒரு நான்கு மாடி ஆஸ்பத்திரியில் இறக்கிவிடப்பட்டேன். எந்த நோய்க்கு எங்கே போவது என்பதை முடிவு செய்தது நோயும் இல்லை, நானும் இல்லை. கார் திரும்ப வசதியான வாசல்!

வரவேற்பில் பெயர், வயது, தகப்பனார் பெயர், கணவர் பெயர். பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு ஒன்று: 100 ரூபாய். என் கட்டிக்குக் கோப்பு! பிறகு எடை பார்த்தார்கள். உயரம் பார்த்தார்கள். இரத்த அழுத்தம் பார்த்தார்கள், கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அதற்கு நான் பொறுப்பில்லை. பிறகு கண் பிரிவு. வாசலில் “காலணிகளை வெளியே விடவும்” என்று பலகை. விட்டேன். மெரூன் நிறம், பட்டையில் சின்னதாக ஒரு பித்தளைப் பூ, 650 ரூபாய்.

உள்ளே ஓர் இயந்திரத்தில் நாடியை வைக்கச் சொன்னார்கள். நீளமான சாலை, அதன் முடிவில் ஒரு பலூன். பலூனைப் பார்த்தேன். பிறகு சுவரில் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரை படித்தேன். “பார்வை நன்றாக இருக்கிறதே” என்று ஆச்சரியப்பட்டாள் அந்தப் பெண். நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணே, நான் கட்டிக்காக வந்தேன். “எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம் மேடம்” என்று கண்பாப்பா விரிய இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டாள். கண்ணை மூடி உட்காரச் சொன்னாள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். மறுபடி சொட்டு. மறுபடி உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், கண்ணை மூடியபடியே, என்னிடம் கேட்டார்: “இதற்கு முன்னால் எங்கே காட்டினீர்கள்?”

இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர். நல்ல பெண்மணி, அவர்மேல் எனக்குக் கோபமில்லை. விளக்கடித்துப் பார்த்தார். “கண்கட்டிதான். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, பொறுக்கும் சூட்டில் பத்து நிமிடம் ஒத்தடம், ஒரு நாளைக்கு நான்கு முறை. அமுக்காதீர்கள், மை போடாதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். இமை முழுக்க வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பார்வை மங்கினாலோ மட்டும் உடனே வாருங்கள்.” இரண்டு நிமிடம். ஒத்தடம்! என் அம்மாச்சி அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, கோப்பு எதுவும் போடாமல், முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதிக் கொடுத்த ஒத்தடம். கோப்பு 100, டாக்டர் 500, பரிசோதனை 400, கீழ்த்தளத்து மருந்துக் கடையில் 840. அந்த 840இல் ஒரு பாட்டில் வைட்டமினும் அடக்கம். கட்டிக்குச் சத்துக் குறைவு போலிருக்கிறது.

ஒன்று சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. போன வருடம் மாமனாருக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டு, இடது கை மரத்து, சட்டை நனைய வியர்த்தபோது இதே குடும்பம் என்ன செய்தது தெரியுமா? “வாய்வு” என்றது. ஓமத் தண்ணீர் கொடுத்தது. கோலி சோடா வாங்கிவர ஆள் அனுப்பியது. இரண்டு மணி நேரம் முதுகை நீவிவிட்டது. கடைசியில் எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் 108க்குப் போன் செய்தான். பிழைத்து வந்துவிட்டார், ஆண்டவன் புண்ணியம். வந்தவர் சும்மா இருக்கிறாரா? நேற்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொல்கிறார், “கண்ணை அலட்சியம் செய்யக் கூடாதம்மா.”

வெளியே வந்தேன். பாப்பா விரிந்த கண்ணில் பதினொரு மணி வெயில் ஊசியாகக் குத்தியது. கைக்குட்டையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, மெரூனாகத் தெரிந்ததில் காலை நுழைத்து ஆட்டோவில் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து, பார்வை தெளிந்த பிறகு குனிந்து பார்க்கிறேன். மெரூன் இல்லை, காப்பிப்பொடி நிறம். பூவும் இல்லை. இடதுகாலில் கட்டைவிரல் பக்கம் ஊக்கு ஒன்று குத்தித் தைத்திருக்கிறது. யாரோ இரண்டு வருடம் உழைத்து நடந்த செருப்பு.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். பாட்டு ஒன்று ஓடியது. பிறகு ஒரு பெண் குரல், “எந்தப் பிரிவு மேடம்?” என்றது. செருப்பு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எலும்புப் பிரிவுக்குக் கொடுக்கிறேன்” என்று சொல்லி மறுபடி பாட்டைப் போட்டுவிட்டாள். அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்கட்டி வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

சத்தம் கேட்டு வந்த ஓரகத்தி ஊக்குச் செருப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“எங்கே அக்கா எடுத்தீர்கள் இதை? பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கிற கடையிலா? ஐயோ, அங்கே ஏன் போனீர்கள், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”