‘ஓடுதுல்ல, ஓட்டு’ என்பது ஒரு பதிலா?

சைக்கிள் செயினை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிற பிள்ளைகளுக்கு ஏன் ஒருத்தரும் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை? தென்காசி மாவட்டம் செங்கோட்டைப் பக்கம் புதிதாகக் கியர் சைக்கிள் வாங்கிய யாரைக் கேட்டாலும் இதே கதைதான். கடையில் கேட்டால் "ஓடுதுல்ல, ஓட்டு" என்பார்கள். கொஞ்ச நாள் கழித்து அதே கடையில் "எல்லாம் போச்சு, செட்டோட மாத்தணும்" என்பார்கள். இடையில் என்ன நடந்தது, எப்போது வந்திருந்தால் செலவு குறைந்திருக்கும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். விலை கூடின சைக்கிள் வைத்திருக்கிற அண்ணன்மாரிடம் போனால் இன்னும் மோசம். "இதுகூடத் தெரியாம ஒனக்கு எதுக்குல கியர் சைக்கிள்?" என்று ஒரு சிரிப்பு. தெரியாததால்தானே கேட்கிறான்!

எங்கள் தெருப் பையன் ஒருவன் செகண்ட் ஹேண்டில் ஏழு கியர் சைக்கிள் வாங்கினான். செயின் மோசம் என்று கடையில் சொன்னதும் புதுச் செயின் போட்டுக்கொண்டான். பின்சக்கரத்துப் பல்லை யாரும் பார்க்கவில்லை. புளியரை தாண்டிக் கோட்டைவாசலுக்கு ஏறுகிற எஸ் வளைவில் எழுந்து நின்று மிதித்திருக்கிறான். டக்கென்று செயின் பல் தாண்டி, கால் வழுக்கி, நெஞ்சு ஹேண்டில்பாரில் மோதியிருக்கிறது. பின்னால் கேரளாவுக்குப் போகிற டிப்பர். டிரைவர் பிரேக் பிடித்தார், பையன் தப்பித்தான். மறுநாள் கடையில் போய்ச் சொன்னால் கிடைத்த பதில்: "புதுச் செயின்லடே, ரெண்டு நாள் ஓட்டுனா பழகிரும்."

பழகாது! தேய்ந்த பல்லில் புதுச் செயின் பழகவே பழகாது. அந்த சைக்கிளின் பின்சக்கரத்தை நானே பார்த்தேன். அவன் அதிகம் ஓட்டுகிற நடு கியரில், இரண்டு பல்லுக்கு நடுவே அரைவட்டமாக இருக்க வேண்டிய குழி ஒரு பக்கமாக இழுபட்டு நீண்டிருந்தது. பல்லின் நுனி கொக்கி மாதிரி சாய்ந்திருந்தது. பக்கத்துப் பெரிய பல்சக்கரம் கிட்டத்தட்டப் புதுசு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கே வித்தியாசம் தெரியும். செயின் மாட்டின கைக்குத் தெரியாமலா போயிருக்கும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செயின் நீண்டுபோச்சு என்கிறோமே, இரும்பு ஒன்றும் இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி உருளை. பின்னும் அது உட்கார்ந்திருக்கிற துளையும் உரசி உரசித் தேய்கின்றன. ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை சரியாக அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதில் 0.06 மில்லிமீட்டர், ஒரு தலைமுடிக் கனம், கூடிவிட்டாலே அரை சதவீதத் தேய்மானம். கியர் சைக்கிளுக்கு அதுவே எச்சரிக்கை. அதற்கு மேலும் ஓட்டினால் செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலேறி இழுக்கும், பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். சில நூறு ரூபாய்ச் செயினோடு முடிய வேண்டிய செலவு பின்சக்கரத்துப் பல்தொகுதியான ஃப்ரீவீல், பெடலோடு சுற்றுகிற முன் செயின்வீல் என்று வளர்வது இப்படித்தான்.

இதைக் கண்டுபிடிக்க என்ன வேண்டும்? கொத்தனார் வைத்திருக்கிற இஞ்ச் டேப் போதும். மேல்பக்கச் செயின் விறைப்பாக இருக்கும்படி பெடலை லேசாக அழுத்திக்கொள்ளுங்கள். டேப்பின் முனைக் கொக்கி ஆடும், அதை நம்பாதீர்கள். 1 அங்குலக் கோட்டை ஒரு ரிவெட்டின், அதாவது வெளியே தெரிகிற பின் தலையின், இடது ஓரத்தில் வைத்து, 13ஆம் கோட்டைப் பாருங்கள். புதுச் செயின் என்றால் அங்கேயும் ஒரு ரிவெட்டின் இடது ஓரம் கச்சிதமாக நிற்கும். அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, தள்ளி நின்றால் செயினை மாற்றுகிற நேரம். ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம் தள்ளிவிட்டால் பின்பல்லும் போயிருக்க வாய்ப்பு அதிகம். 11, 12 கியர் (பின்சக்கரத்தில் எத்தனை பல்சக்கரம் என்ற கணக்கு) வண்டிகளுக்கு அரை நூலே கடைசி, ஏழு எட்டு கியருக்குக் கொஞ்சம் கூடத் தாங்கும், கியர் இல்லாத வண்டி ஒரு நூல் வரைகூட ஓடும். இவ்வளவுதான் விஷயம்! உருளைச் செயினை ஹான்ஸ் ரெனால்ட் கொண்டுவந்தது 1880இல். அன்றைக்கிருந்து உலகத்துக்கே தெரிந்த சங்கதியை இங்கே ஏன் தொழில் ரகசியம் மாதிரி பொத்தி வைக்கிறார்கள்?

பிள்ளைகள் ஏமாறுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இங்கே நிறையப் பேர் 11ஆம் வகுப்பில் அரசு கொடுக்கிற விலையில்லா சைக்கிளில் பழகியவர்கள். அதில் செயின் தேய்ந்தால் தொங்கும், கவரில் உரசிச் சத்தம் போடும், வீலைப் பின்னால் இழுத்து முடுக்கிக்கொள்வார்கள். கியர் சைக்கிளில் பின்னால் தொங்குகிற கியர் மாற்றியின் ஸ்பிரிங் அந்தத் தொய்வை எல்லாம் தானே இழுத்துக்கொள்ளும். பார்வைக்குச் செயின் எப்போதும் டைட்டாகத்தான் இருக்கும். தொங்கவில்லையே, நல்லாத்தானே இருக்கு என்று நினைப்பது அவர்கள் தப்பா? சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் தப்பு.

"எத்தனை கிலோமீட்டருக்கு ஒருதரம் மாத்தணும்?" என்று கேட்டால் 3,000, 5,000 என்று ஒரு எண்ணைத் தூக்கிப் போடுவார்கள். எந்த ரோட்டில் ஓடுகிறது என்று கேட்க வேண்டாமா? ஜூன் பிறந்துவிட்டால் இங்கே சாரல். கொல்லம் ரோட்டில் எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றின டிப்பர்கள் வரிசையாகப் போகின்றன. சிந்துகிற பொடி ஈரத்தில் குழைந்து செயினில் ஒட்டும். அது மேல் பழைய இன்ஜின் ஆயிலைக் கோரி ஊற்றச் சொல்கிற மேதாவிகள் வேறு! இன்ஜினில் தேய்ந்த இரும்புத் துகளோடு வருகிற எண்ணெய் அது. வெளியே வழிகிற எண்ணெய் இன்னும் கொஞ்சம் மண்ணைத்தான் பிடிக்கும். எண்ணெய் வேண்டியது உருளைக்கு உள்ளே. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் செயினைத் துடைத்து, காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைச் சுற்றி, அப்புறம் வெளியே இருப்பதை வழித்துத் துடைத்துவிட வேண்டும். சாரல் நாட்களில் இதை அடிக்கடி செய்தே ஆக வேண்டும்.

வாங்கும்போதும் குழப்பம்தான். எட்டு கியர் செயின் ஆறுக்கும் ஏழுக்கும் பொருந்தும். ஒன்பது, பத்து, பதினொன்று எல்லாம் ஒன்றைவிட ஒன்று ஒல்லி, அந்தந்த அளவுதான் வாங்க வேண்டும். பழைய செயினைத் தரையில் போட்டு அதன் நீளத்துக்குப் புதுசை வெட்டுகிறார்கள், அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 116 கண்ணிச் செயின் ஒரு சதவீதம் தேய்ந்திருந்தால் ஒரு கண்ணிக்கும் மேலே நீண்டிருக்கும். அந்த நீளத்துக்கு வெட்டினால் கணக்கு எப்படிச் சரியாக வரும்? முதலில் கண்ணியை எண்ணுங்கள், பிறகு வெட்டுங்கள்.

கடை வைத்திருக்கிற அண்ணாச்சிமாரே, பையன் கேட்டால் டேப்பை வைத்துக் காட்டுங்கள். செயின் மட்டும் போதுமா, ஃப்ரீவீலும் சேர்ந்து போகுமா என்பதைக் காசு வாங்குவதற்கு முன்னால் சொல்லுங்கள். ஃப்ரீவீலையும் மாற்றக் காசில்லை என்றால், பழைய செயினோடேயே கொஞ்ச நாள் ஓட்டு, ரெண்டுக்கும் சேர்த்துக் காசு வந்ததும் வா என்று சொல்லுங்கள். தேய்ந்த செயினும் தேய்ந்த பல்லும் சோடியாகக் கொஞ்ச காலம் ஓடும். தேய்ந்த பல்லில் புதுச் செயினை மாட்டி எஸ் வளைவுக்கு அனுப்பிவிடாதீர்கள்.