தார் போட்டால் மட்டும் போதாது
திருநெல்வேலியில் தாமிரபரணி ஆற்றங்கரையில் தார்ப்பாதை போட்டுவிட்டால் வண்டித் தொந்தரவில்லாமல் சைக்கிள் ஓட்டலாம் என்கிறது இங்கே வந்திருக்கும் கட்டுரை. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. தார் காய்வதற்குள் பைக்குகள் அதைக் குறுக்கு வழியாக்கிவிடும். சேரன்மகாதேவி பக்கம் கால்வாய்க் கரைச் சாலையில் விடியக் கிளம்பினால் ஆறரை மணி வரைதான் சொர்க்கம், அப்புறம் பால்கேன் வண்டி, புல்லுக்கட்டு, டிராக்டர். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். ரோடு சைக்கிளின் ஒல்லி டயர் அதில் ஏறினால் வழுக்காமல் என்ன செய்யும்? ஒருமுறை முழங்கை சிராய்த்து நான் எழுந்தபோது, காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த ஆச்சி, "பாத்து வரக்கூடாதாய்யா, நெல்லெல்லாம் சிதறிட்டே" என்றார். அவர் மேல் தப்பில்லை, ஊரில் களம் இருந்தால் ரோட்டுக்கு ஏன் வருகிறார்? கட்டுரைக்கு மேலே கருத்து எழுதிய ஒருவர், நெல்லை வண்ணார்பேட்டையிலிருந்து குறுக்குத்துறை வரை தண்ணீரை ஒட்டியே பாதை போடலாம் என்கிறார். குறுக்குத்துறை முருகன் கோயிலே பெருவெள்ளத்தில் மூழ்கும், உற்சவரை மேட்டிலுள்ள மேலக்கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிறகுமா இந்த யோசனை? போடுவதென்றால் மேட்டில் போடுங்கள், இரண்டு முனையிலும் பைக் நுழையாதபடி வளைகம்பித் தடுப்போடு.