கர்ப்பிணியின் ரத்தப் பரிசோதனையும் கணவரின் சிகிச்சையும்

உடலுறவால் பரவும் சிபிலிஸ் நோயைப் பெனிசிலினால் குணப்படுத்த முடியும் என்பது 1943-லேயே தெரிந்துவிட்டது. அந்தக் கிருமி இன்றுவரை பெனிசிலினுக்கு எதிர்ப்பாற்றல் பெறவும் இல்லை. அப்படியிருந்தும், தாயிடமிருந்து கருவுக்குப் பரவிய சிபிலிஸ் பாதிப்புகள் 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 7 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பிறக்கும் முன்பே இறந்த கருக்களும், பிறந்த சில நாட்களில் இறந்த குழந்தைகளும் அந்தக் கணக்கில் அடக்கம். பாலியல் தொற்று ஆராய்ச்சியில் புதிய மருந்து பற்றிய செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இந்த எண்தான் நினைவுக்கு வருகிறது.

சிபிலிஸின் முதல் புண் பெரும்பாலும் வலிக்காது. சில வாரங்களில் தானாகவே ஆறியும் விடும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமல் நோய் உடலில் தங்கியிருக்கக்கூடும் என்பதால், "உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு அனுப்பும் மருத்துவமுறை இந்த நோயைத் தவறவிட்டே தீரும். ரத்தத்தைச் சோதிக்க வேண்டும், அதையும் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே சோதிக்க வேண்டும். விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்து எச்.ஐ.வி.யையும் சிபிலிஸையும் ஒரே அட்டையில் அரைமணி நேரத்துக்குள் கண்டறியும் சோதனை வந்துவிட்டது. முடிவு தெரிந்த அன்றே, அந்தப் பெண் வீடு திரும்பும் முன்பே ஊசி போடப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மறுநாள் வரச் சொன்னால் வர இயலாத பெண்கள் எத்தனையோ பேர்.

அந்த ஊசிமருந்தான பென்சத்தைன் பெனிசிலினுக்கே பல நாடுகளில் தட்டுப்பாடு ஏற்பட்டிருக்கிறது. விலை மலிவு, லாபம் குறைவு, தயாரிப்பவர்களும் சிலரே. கருவிலுள்ள குழந்தையைக் காக்க இதற்கு நிகரான மாற்று மருந்து இல்லை என்பதை எண்ணும்போது எனக்குக் கோபம் வருகிறது.

மருந்து கையில் இருந்தும் கொடுக்காமல் விட்ட வரலாறும் இந்த நோய்க்கு உண்டு. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களை அரசின் பொதுச் சுகாதாரத் துறையே சிகிச்சை அளிக்காமல் ஆய்வுக்காகக் கண்காணித்து வந்தது. பெனிசிலின் பரவலாகக் கிடைத்த பின்னரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அவர்களின் மனைவியருக்கும் நோய் தொற்றியது, குழந்தைகள் நோயுடன் பிறந்தார்கள். பொதுச் சுகாதாரத்தின்மீது மக்களுக்கு உள்ள அவநம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வராததற்கு இதுவே காரணம்.

புதிய ஆய்வுகளும் தேவைதான். ஒன்றன்பின் ஒன்றாக மருந்துகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவரும் கொனோரியா என்ற மற்றொரு பாலியல் தொற்றுக்கு அவை மிக அவசரமானவை. ஆனால் கென்யாவில் 449 இளம்பெண்களிடம் நடந்த ஆய்வைப் பாருங்கள். உடலுறவுக்குப் பின் டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை உட்கொள்வது பாலியல் தொற்றுகளைத் தடுக்குமா என்று அதில் சோதித்தார்கள். வேறிடங்களில் ஆண்களிடம் நல்ல பலன் தந்த அந்த முறை இங்கே பலன் தரவில்லை. மருந்து வழங்கப்பட்ட பெண்களின் தலைமுடி மாதிரிகளை ஆராய்ந்தபோது, 29 சதவீதத்தில் மட்டுமே மருந்தின் தடயம் இருந்தது. மாத்திரையை அவர்களால் ஏன் உட்கொள்ள முடியவில்லை, வீட்டில் யார் கண்ணுக்கு அதை மறைக்க வேண்டியிருந்தது என்று கேட்பதும் மருந்தைக் கண்டுபிடிப்பதற்கு இணையான ஆராய்ச்சியே என்று நான் கருதுகிறேன்.

கர்ப்பிணிக்கு மட்டும் சிகிச்சை அளித்துக் கணவரை விட்டுவிட்டால், அவரிடமிருந்து அவளுக்கு மீண்டும் தொற்று வரும். கணவரிடம் சொல்லும் பொறுப்பை அவள் தலையில் மட்டும் ஏற்றினாலோ, பழியும் சில வீடுகளில் அடியும் அவளுக்கே வந்து சேரும். முதல் பரிசோதனைக்கே இருவரையும் அழைத்து, இருவருக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுப்பது வழக்கமாக வேண்டும். நோய் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கக்கூடியது என்பதால் அது எப்போது வந்தது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. முடிவைத் தெரிவிக்கும் செவிலியர், இருவரும் உட்கார்ந்திருக்கும்போதே இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.