அந்தச் சிவப்பு வட்டத்தைப் போடாதீர்கள்

இன்று காலையும் ஒரு வீடியோ வந்துவிட்டது. பழைய கறுப்பு வெள்ளைப் படம், நடுவில் சிவப்பு வட்டம், அதை நோக்கி ஓர் அம்புக்குறி, பின்னால் திகில் இசை, "நம்மிடம் மறைத்துவிட்டார்கள்" என்று ஒரு கட்டைக் குரல். போதும், என்னால் முடியவில்லை.

சாப்ளினின் 'தி சர்க்கஸ்' படம் 1928-ல் வெளியானபோது ஹாலிவுட் தியேட்டர் வாசலில் எடுத்த காட்சியில் ஓர் அம்மா காதருகே எதையோ பிடித்துக்கொண்டு வாயசைத்தபடி நடந்து போகிறார். உடனே அது செல்போனாம், அவர் எதிர்காலத்திலிருந்து வந்தவராம்! 2010-ல் கிளம்பிய கதை, இன்னும் ஓயவில்லை. சரி, செல்போன்தான் என்றே வைத்துக்கொள்வோம், டவர் எங்கே இருந்தது, மறுமுனையில் பேசியது யார்? காது மந்தமானவர்கள் கையில் பிடித்துக் கேட்கும் கருவிகள் அன்றைக்கே இருந்தன, அப்படி ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் காது கேட்காத ஒரு பெண்மணி யாருக்கு வேண்டும்?

அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட 1963 நவம்பர் 22, டல்லாஸில் நல்ல வெயில். அந்த வெயிலில் ஒருவர் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு நிற்பது படங்களில் தெரிகிறது. சுடுகிறவனுக்குச் சைகை காட்டினார் என்றார்கள், குடைக்குள் விஷ அம்பு இருந்தது என்றுகூடச் சொன்னார்கள். 1978-ல் லூயி ஸ்டீவன் விட் என்பவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து, அது நான்தான், கென்னடியின் அப்பா ஒரு காலத்தில் ஹிட்லரோடு சமரசம் பேசிய பிரிட்டன் பிரதமர் சேம்பர்லினை ஆதரித்தார், சேம்பர்லினுக்கு அடையாளமே குடைதான், அதைக் காட்டிக் கேலி செய்யப் போனேன் என்றார். அவ்வளவுதான்! எந்த வட்டம், எந்த அம்புக்குறி இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கும்? அதற்குப் பிறகும் அந்த மனிதரை விட்டார்களா என்றால், இல்லை.

இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. மங்கலான படத்தை அதில் போட்டுத் தெளிவாக்குகிறார்களாம். இல்லாத விவரத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? தானாக ஊகித்து வரைகிறது. அது வரைந்த கண்ணையும் மூக்கையும் வட்டம் போட்டு, பார் ஒளிந்திருக்கும் முகம் என்கிறார்கள். அப்பல்லோ 16 எடுத்த நிலவுப் படத்தில் ஒரு பாறைமேல் 'சி' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது, அது படப்பிடிப்புச் சாமானில் போட்ட குறி, நிலவுக்கே போகவில்லை என்று எத்தனை வருடம் கத்தினார்கள்! மூல ஃபிலிமில் அந்த எழுத்தே கிடையாது, பிரதி எடுத்தபோது ஒட்டிக்கொண்ட ஒரு முடியோ நூலோதான் அது.

போன வாரம் நண்பனோடு ஒரு பழைய படம் பார்க்க உட்கார்ந்தேன், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்துகிறான், அந்தச் சுவரைப் பார், அந்தக் கடிகாரத்தில் மணியைப் பார் என்று. கதாநாயகி அழுகிற காட்சி, எனக்கு மிகவும் பிடித்த காட்சி, அதையும் நிறுத்திப் பின்னால் இருக்கும் பூச்சாடியை எண்ணினான். ஷாட்டுக்கு ஷாட் சாமான்கள் இடம் மாறுவது படப்பிடிப்பில் சாதாரணம்டா என்றால், "நீயும் அவங்க ஆளா?" என்கிறான். என்ன பதில் சொல்வது இதற்கு?

இன்று காலை வந்ததும் அவன் அனுப்பியதுதான். பழைய நகரங்களின் படங்களில் தெருக்களில் ஆளே இல்லையாம், மக்களை யாரோ துடைத்தெடுத்துவிட்டு 'டார்டாரியா' என்ற மாபெரும் நாகரிகத்தையே மறைத்துவிட்டார்களாம். கோபத்தில் கை நடுங்குகிறது. அன்றைய கேமராவுக்கு ஒரு படம் பதியவே நிமிடக்கணக்கில் ஆகும், அதற்குள் நடந்து போனவர்கள், ஓடிய வண்டிகள் எதுவும் தகட்டில் நிற்காது. 1838-ல் புகைப்படக்கலை முன்னோடி டாகேர் பாரிஸ் தெருவை எடுத்த படத்தை எடுத்துப் பாருங்கள், வட்டமில்லாமல் பாருங்கள். பரபரப்பான தெரு, ஆனால் வெறிச்சென்று இருக்கிறது. கீழ் மூலையில் மட்டும் ஒருவர் ஒற்றைக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறார். அசையாமல் நின்றதால் பதிந்துவிட்டார். புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர் அவர்தான் என்கிறார்கள், தன்னைப் படம் எடுத்தார்கள் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.