ஈறு க்ளீன் பண்ணா ரத்தசோகை போயிடுமா?

"ஈறுல ரத்தம் கசியுறதாலதான் ரத்தசோகை, ஒரு தடவ ஸ்கேலிங் (பல்லுல, ஈறு ஓரத்துல படிஞ்ச காரைய சுரண்டி எடுக்குறது) பண்ணா ஹீமோகுளோபின் தானா ஏறிடும், இரும்பு மாத்திரைய நிறுத்திடுங்க"ன்னு வாட்ஸ்அப்ல ஒன்னு சுத்துது. தயவுசெஞ்சு இத நம்பி மாத்திரைய நிறுத்தாதீங்க, அதுவும் கர்ப்பமா இருக்கவங்க நிறுத்தவே கூடாது.

இதுல பாதி உண்மை இருக்கு, அதனாலதான் ஆபத்து. ஈறு நோய் ரொம்ப நாளா முத்திப்போய் இருந்தா உடம்புல அழற்சி இருந்துட்டே இருக்கும், அப்போ கல்லீரல் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன அதிகமா சுரக்கும், அது குடல்ல இரும்புச்சத்து உறிஞ்சுறதையும் உடம்புல சேத்து வச்ச இரும்பு வெளிய வர்றதையும் தடுக்கும், அதனால ரத்தம் ஊறத் தேவையான இரும்பு கிடைக்காம போகும். ஆக பிரச்சன பல் தேய்க்கும்போது வர்ற அந்த நாலு சொட்டு ரத்தம் இல்ல. ஈறுக்கு சிகிச்ச எடுத்தவங்களுக்கு ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறுனதா சில ஆய்வுல வந்திருக்கு, ஆனா பெரும்பாலும் சின்ன ஆய்வுங்க, ஏறுனதும் கொஞ்சந்தான்.

நம்ம ஊர்ல நெலம என்ன? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 15-49 வயசு பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிடாய்ல அதிக ரத்தப்போக்கு, சாப்பாட்டுல இரும்பு பத்தாதது, பி12 குறைவு, குடல்புழு, மூலம்னு காரணம் எத்தனையோ இருக்கு, இதெல்லாம் பல் டாக்டர் சரிபண்ற விஷயமா?

ஈறு சிகிச்சை அவசியம் எடுங்க, கர்ப்ப காலத்துலயும் எடுக்கலாம். ஆனா ஈறுல ரத்தம் நிக்காம வந்து கூடவே ஒடம்புல காயமே இல்லாம நீலநீலமா தடிச்சா, உடனே ரத்த அணுக்கள் டெஸ்ட் எடுத்துப் பாருங்க, ரத்தப் புற்றுநோய்கூட சிலருக்கு அப்படி ஆரம்பிக்கும்.